மந்தைவெளியில் பிழைத்தவள்

1

வெட்கத்தைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷம் குடித்துச் செத்துப்போன ஓர் இத்தாலியப் பெண்ணை நான் மந்தைவெளியில் பிழைக்க வைத்தேன். வைத்தியத்தாலும் அல்ல, மந்திரத்தாலும் அல்ல. கிராமபோன் பெட்டியிலிருந்து கடைசி பிளேட்டை எடுத்துவிட்டு மூன்றாவது பிளேட்டைத் திரும்ப வைத்தேன், எழுந்துவிட்டாள். தெருவே அதற்குச் சாட்சி.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். லண்டனிலிருந்து நான் இந்தப் பத்திரிகைக்கு எழுதிய பழைய குறிப்புகளை யாராவது ஞாபகம் வைத்திருந்தால் கேட்கமாட்டீர்கள். வைத்திருக்கவில்லை என்றே நம்புகிறேன். ஓபரா என்பது பேச்சே இல்லாமல் தொடக்கம் முதல் முடிவுவரை பாடியே நடிக்கிற நாடகம். இங்கே ஒரு கோஷ்டி அதில் முக்கால் பாகத்தை வெட்டி, மிச்சத்தை இங்கிலீஷில் மாற்றி, ஒற்றைப் பியானோவை வைத்துக்கொண்டு பேட்டைக்குப் பேட்டை மலிவாக நடத்துகிறது. எங்கள் வீட்டுக்கார அம்மாள் போய்விட்டு வந்து, ரொம்ப அழகாக இருந்தது, ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம் என்றாள். அந்தக் கோபத்தில்தான் எழுதினேன்: கலையைச் சுருக்கிக் கொடுப்பது, மயிலாப்பூர்க் கோபுரத்தில் மேல் பாதியை இறக்கிவிட்டு, இனிமேல் யாருக்கும் கழுத்து வலிக்காது என்று சொல்வதைப் போல. இந்த உவமை எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு கட்டுரைகளில் உபயோகித்தேன்.

இத்தனை வீராப்புக்கும் அடியில் ஒரு சின்னக் குறை இருந்தது. என் வீட்டிலேயே என் கட்சியில் ஆள் கிடையாது. நான் பெட்டிக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தால் என் மனைவி அலமேலு சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். பெண் லலிதா விஷயம் இன்னும் மோசம். லண்டனில் பறக்கும் குண்டுகள் விழுந்த காலத்தில் குழந்தைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வயதில் போனவள், ஒரு பண்ணைக்காரர் வீட்டில் வருஷத்துக்கு மேல் வளர்ந்துவிட்டுத் திரும்பினாள். பசு கறக்கத் தெரிந்திருந்தது. தமிழ் மறந்திருந்தது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் லண்டன்காரர்களுக்கே புரியாத பண்ணை இங்கிலீஷ். பாட்டு வைத்தால் எழுந்து போய்விடுவாள்.

எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. நான் உயிராக நினைக்கிற ஒன்றை என் பெண் ஒரே ஒரு தடவை, முடிகிறவரை, என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

2

யுத்தம் முடிந்து கப்பலில் இடம் கிடைத்த முதல் மார்கழிக்கு ஊருக்கு வந்தோம். அலமேலுவின் அண்ணா சுந்தரம் மந்தைவெளியில் வக்கீல். தெருவில் ஒரு ரசிக சபை வைத்து அதற்குக் காரியதரிசியாகவும் இருந்தார். அவருடைய பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு என் சீராக ஒரு முழு ஓபராவைக் கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். இருபத்திரண்டு பிளேட்டுகள். கப்பல் ஆட்டத்தில் உடையாமலிருக்க அலமேலுவின் பட்டுப்புடவைகளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். "அடுத்த ஜன்மத்துல இந்தப் புடவைகளுக்குப் பாட்டு வரும்" என்றாள் அவள்.

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இதெல்லாம் என்ன சார்?"

"ஓபரா. ஒன்று."

"ஒண்ணா? எண்ணினா இருபத்திரண்டு வருதே."

"எல்லாம் சேர்ந்து ஒரே நாடகம். பிரிக்க முடியாது."

"பிரிக்க முடியாததை யார் இப்படித் துண்டு போட்டாங்க?"

ஒரு பக்கம் நாலு நிமிஷத்துக்கு மேல் பாடாது, ஆகையால் அங்கங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்ப நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா அறுத்துத்தான் விக்கறாங்க" என்றார். என் கட்டுரைகளுக்கு இப்படியொரு மறுப்பு அதுவரை வந்ததில்லை.

பக்கத்து மேஜைக்காரர் இரக்கப்பட்டு, "ஒண்ணுன்னா சொந்த உபயோகம். இருபத்திரண்டுன்னா வியாபாரம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். ஒன்றுதான் என்று நான் சாதித்தேன். மேலதிகாரியிடம் போனார்கள். அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்ததும் இவர் சாப்பிடப் போனார். சாயங்காலம் "வீட்டுச் சாமான், உடைந்தால் பொறுப்பல்ல" என்று முத்திரை குத்தி வெளியே விட்டார்கள். லலிதா அதற்குள் பெட்டியின்மேலேயே தூங்கிவிட்டாள். ஓபராவோடு அவள் அவ்வளவு நெருங்கியிருந்தது அதுதான் முதல் தடவை.

3

பிளேட்டு வந்துவிட்டது, பெட்டி வேண்டுமே. சாந்தோமிலிருந்து ஞானப்பிரகாசம் மாஸ்டர் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியார், மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். பெட்டியை இரவல் கொடுத்தாரே தவிர அதை விட்டுப் பிரியவில்லை. ரிக்ஷாவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து, சாவி கொடுப்பதைத் தானே செய்வதாகச் சொல்லி, பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

சுந்தரம் வீட்டுக் கூடத்தில் கச்சேரி. ஒரு வரிகூட வெட்டக்கூடாது என்பது என் நிபந்தனை. முன்னதாக நானே எழுந்து ஒரு முன்னுரை நிகழ்த்தினேன். முன்னுரை முடிவதற்குள் இரண்டு வரிசை காலி.

கதை எளிதுதான். கையுறை தைக்கிறவன் மகள் ஒருத்தி. ஒரு படைத்தலைவனுக்கு அவளை நிச்சயம் செய்கிறார்கள். ஊரே விருந்துண்டு பாடுகிறது. மூன்றாவது பிளேட்டு அதுதான். அவன் யுத்தத்துக்குப் போகிறான். போன இடத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று பொய்ச்செய்தி வருகிறது. அவள் ஊர் மருந்துக் கிழவனிடம் விஷம் வாங்கிக் குடிக்கிறாள். அவன் ஓடி வருகிறான்; அவன் மடியில் உயிர் விடுகிறாள். குடித்த பிறகு உயிர் விடுவதற்குள் மூன்று முழு பிளேட்டு பாடுகிறாள்.

முன்வரிசையில் தியாகராயநகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். அந்த மூன்றில் முதல் பிளேட்டு வரைக்கும் பொறுத்தார்.

"என்ன விஷம் அது?"

அது சொல்லப்படவில்லை என்றேன்.

"இவ்வளவு நாழி பாட விடறதுன்னா கலப்படம். யுத்தத்துக்கப்புறம் எதுவும் சுத்தமாக் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக்கொண்டார்.

அடையாறிலிருந்து உயர்ந்த கலைகளில் ஈடுபாடுள்ள ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். இடைவேளையிலும் திறக்கவில்லை. லலிதா இரண்டாவது பிளேட்டிலேயே எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். பால்காரன் மாடு அங்கே கட்டியிருந்தது. கடைசிப் பக்கம் ஓடும்போது கூடத்தில் நான், தூண், அடையாறு தம்பதி, மாஸ்டர். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கணம் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருத்தராவது.

"ஊசி அவ்வளவும் தேஞ்சுபோச்சு சார்" என்றார்.

4

மறுநாள் காலை காப்பியோடு சுந்தரம் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்கப்படாது. சாப்பாடு நன்னாத்தான் இருந்தது. பரிமாறத் தெரியலை. நம்ம ஆராவமுத பாகவதரை விட்டு இதைக் காலட்சேபமாப் பண்ணச் சொன்னா என்ன? அவர் கதை சொல்லட்டும். நடுநடுவே நீங்க நல்ல பாட்டா நாலு பிளேட்டு வையுங்கோ."

கோபுர உவமையைச் சொன்னேன். சுந்தரம் முழுவதும் கேட்டுவிட்டு, "கோபுரத்தை யாரும் இடிக்கலை. வாசல்ல ஒரு ஆள் நின்னு உள்ளே வாங்கோன்னு கூப்பிடறார். அவ்வளவுதானே" என்றார். வக்கீல்களோடு காப்பி சாப்பிடக்கூடாது.

இரண்டு மத்தியானம் பாகவதர் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, "இது சங்கராபரணத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கை. இது கீரவாணி, வெளியூர்ல வாக்கப்பட்டது" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கையுறையை மயிலாப்பூர்ல எங்கே ஸ்வாமி விளக்கறது? பூக்காரியாக்கிடறேன். ரோஜாவல்லின்னு பேர்."

வெட்டப்போகிறார் என்பது தெரிந்ததுதான். மாற்றவும் போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் மாஸ்டர், "பாடுறது மாறாதே சார். பிளேட்டுல இருக்கிறதை யாரும் திருத்த முடியாதே" என்றார். அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

அப்போது சமையலறை வாசலில் கோமளம் மன்னி, அதாவது சுந்தரத்தின் மனைவி, வந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு கடைசியிலே என்ன ஆறா?"

"செத்துப்போறா மன்னி" என்றேன்.

"எங்கே?"

"படைத்தலைவன் மடியிலே."

"அது கதையிலே. நான் கேக்கறது, யாராத்துல?"

பதிலையும் மன்னியே சொன்னாள்.

"தை பொறந்தா கல்யாணம். நிச்சயதாம்பூலம் மாத்தின ஆத்துல, நிச்சயமான பொண்ணு ஒருத்தி விஷம் குடிச்சுச் சாகறதா? அன்னிக்கு நடந்தது யாருக்கும் புரியலை, அதனால தோஷமில்லை. பாகவதர் தமிழ்ல சொன்னா புரிஞ்சுடும்."

இந்த வாதத்தை மறுக்க லண்டனில் எந்தப் புத்தகமும் கிடையாது. சாவு இல்லாவிட்டால் அது ஓபராவே இல்லை என்றேன். சுந்தரம் பேரம் பேசினார். "மயக்கம் வெச்சுண்டா என்ன? ஆழ்ந்த மயக்கம்." பாகவதர் மட்டும் கவலைப்படவில்லை. "காலட்சேபம் மங்களத்துலதாம்மா முடியும். அது என் பொறுப்பு" என்றார். எப்படி என்று நான் கேட்டதற்கு, "அது மேடையிலே வரும் ஸ்வாமி" என்றார்.

5

இந்தத் தடவை கூடம் போதவில்லை. வாசலில் கொட்டகை போட்டார்கள். டாக்டர் திரும்ப வந்தார், விஷத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள. தெருக் குழந்தைகள் முன்வரிசையில். அவர்கள் நடுவில், பின்னல் போட்டுக் கனகாம்பரம் வைத்த லலிதா. மாடு அன்றைக்கு வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

பாகவதர் குழந்தைகளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "பின்னாடி சுண்டல் காத்துண்டிருக்கு. மங்களத்துக்கு முன்னாடி எழுந்துக்கிறவாளுக்குக் கிடையாது. தெரிஞ்சுதா?" பிறகு சப்ளாக்கட்டையைத் தட்டினார்.

அந்த மனிதர் என்ன செய்தார் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ரோஜாவல்லி பூ விற்றுக்கொண்டு வடக்கு மாடவீதி வழியாக வந்தாள். படைத்தலைவன் பேரம் பேசினான். வார்த்தைக்கு வார்த்தை கொட்டகையில் சிரிப்பு. "இப்போ அவள் என்ன சொல்றாள் தெரியுமோ" என்று என் பக்கம் கையை நீட்டுவார். நான் ஊசியை வைப்பேன். அவள் இத்தாலிய பாஷையில் பாடுவாள். தெருவே தலையை ஆட்டும். முதல் கச்சேரியில் எல்லோரையும் தலைதெறிக்க ஓடவைத்த அதே குரல். ஞானப்பிரகாசம் மாஸ்டர் சாவி கொடுப்பதை மறந்துவிட்டார். பாட்டு நடுவில் இழுத்துக்கொண்டே போய் ஆண் குரலாகிவிட்டது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

விஷக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிற இடத்தில் பாகவதர் சட்டென்று நிறுத்தினார். வாசலில் ஏர்க்காலைப் பிடித்தபடி நின்றிருந்த ரிக்ஷாக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சாமி, அந்தம்மா குட்ச்சிட்ச்சா இல்லியா? சொல்லிட்டு நிறுத்து. சவாரி காத்துக்கினு கீது."

"சவாரி காத்துண்டிருக்கட்டும்" என்று வண்டியிலிருந்தவர் குரல் கொடுத்தார்.

குடித்தாள். கீரவாணியில் பாடினாள். கடைசி பிளேட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தது. நிலைப்படியில் கோமளம் மன்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாகவதர் நெற்றியைத் துடைத்தார்.

"ஆனபடியினாலே, செத்தாள் என்று எல்லோரும் அழறா. அந்த மருந்துக் கிழவன் மட்டும் சிரிக்கிறான். ஏன்? விஷம் கேட்டு வந்த பொண்ணைப் பார்த்தான். இவளுக்கு என் பேத்தி வயசு. விஷத்தைக் கொடுக்க மனசு வரலை. கிண்ணத்துல இருந்தது என்ன? வசம்புக் கஷாயம்."

"அப்படிச் சொல்லு" என்றார் டாக்டர்.

"ரோஜாவல்லி கண்ணைத் திறக்கறாள். ஊர் கூடிப் பாடறது." பாகவதர் என் பக்கம் கையை நீட்டினார். "ஸ்வாமி, அந்த விருந்துப் பாட்டை வையுங்கோ."

நான் அசையவில்லை. மூன்றாவது பிளேட்டு முதல் அங்கத்தைச் சேர்ந்தது. அதை முடிவில் வைப்பது, உத்தரகிரியைக்கு நலங்குப் பாட்டுப் பாடுவது போல. இரண்டு கட்டுரைகள், ஒரு கோபுரம், லண்டனில் வாழ்ந்த அத்தனை வருஷங்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டன. தெரு முழுவதும் என்னையே பார்த்தது.

முன்வரிசையில் லலிதா திரும்பினாள். மூக்கெல்லாம் ஈரம்.

"அப்பா, போடுங்கோ" என்றாள்.

தமிழில். பண்ணையிலிருந்து திரும்பிய பிறகு தானாக என்னிடம் பேசிய முதல் தமிழ். போட்டேன். வேறு என்ன செய்வேன்? இத்தாலிய ஊர் ஜனங்கள் பாட, பாகவதர் அதன்மேலேயே மங்களம் பாட, கோமளம் மன்னி கற்பூரத்தோடு வந்தாள். ரோஜாவல்லிக்கு ஆரத்தி சுற்றாததுதான் பாக்கி. தொன்னையில் சூடாகச் சுண்டல். லலிதா இரண்டு தடவை வாங்கினாள்.

பெட்டியை மூடும்போது மாஸ்டரிடம், இப்படி ஆகிவிட்டதே என்றேன்.

"செத்தவங்க எழுந்திரிக்கிறது எங்களுக்குப் புதுசில்லையே சார்" என்றார். "ஆனா மூணு நாளாவது விடுவோம். இது ரொம்ப அவசரம்."

6

லண்டன் திரும்பிய பிறகு லலிதாவுக்குத் தமிழ் வந்தது. ஆனால் அது பாகவதர் தமிழ். "ஆனபடியினாலே எனக்குப் பால் வேண்டாம்" என்பாள். வீட்டுக்கார அம்மாளை உட்காரவைத்து, தோசைக்கரண்டியைத் தட்டித்தட்டி ரோஜாவல்லி கதையைச் சொல்வாள். சுந்தரம் எழுதியதிலிருந்து, பாகவதர் இப்போது தியாகராயநகர், ராஜா அண்ணாமலைபுரம் எல்லாம் ரோஜாவல்லி சொல்கிறார் என்றும், பிளேட்டு இல்லாமலே கதை நன்றாகப் போகிறது என்றும் தெரிகிறது.

இதை என்னவென்று சொல்வது? ஓபராவுக்கு ஆள் சேர்ந்ததா, ஓபராவைக் கழற்றிவிட்டு ஆள் சேர்ந்ததா? வாசலில் நின்று கூப்பிடுகிறவர் தேவைதான். கூப்பிட்டதில் வந்தவர்கள் உள்ளே போகாமல் அவரையே சுற்றி நின்றுவிட்டால், கோபுரம் என்ன ஆவது? பல மாதங்கள் இப்படி யோசித்தேன். பதில் வேண்டுமானால் ஒரே வழிதான். வாசலுக்கு வந்தவளை உள்ளே அழைத்துப்போய்ப் பார்ப்பது.

போன சனிக்கிழமை அதே ஓபரா இங்கே பெரிய அரங்கில் நடந்தது. முழுசாக, இத்தாலிய பாஷையில், அத்தனை வாத்தியத்தோடும். அலமேலு வரமாட்டேன் என்றாள். "பொழைச்சவ பொழைச்சவளாவே இருக்கட்டும். மறுபடி சாகறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை." நானும் லலிதாவும் போனோம். கூரையை ஒட்டிய வரிசை. அங்கிருந்து பார்த்தால் படைத்தலைவனின் வழுக்கை மட்டும் தெளிவாகத் தெரியும்.

விளக்கு அணைந்தது. நான் மேடையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். இப்போது எழுந்துகொள்வாள், இப்போது மணி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முதல் அங்கத்தில் விருந்துப் பாட்டு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடைவேளையில் எல்லோரும் தேநீருக்குப் போனபோதும் இடத்தைவிட்டு நகரவில்லை. விஷம் குடித்தாள், பாடினாள், செத்தாள். திரை இறங்கியது. கைதட்டலுக்கு நடுவே செத்தவள் வெளியே வந்து குனிந்து வணங்கினாள். லலிதா திருப்தியாகத் தலையசைத்தாள். ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"போகலாமா?"

"இருங்கோப்பா."

வரிசைகள் காலியாயின. கீழே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். என் பெண் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, இறங்கின திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் டார்ச்சோடு கிழ ஊழியர் ஒருவர் ஏறி வந்தார். குழந்தை உருகிப்போயிருக்கிறாள், ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். பெரியவர்களே கடைசிப் பாட்டுக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், இப்படியொரு குழந்தையை நான் பார்த்ததில்லை என்று அவர் தொப்பியைத் தொட்டார். சுந்தரத்தையும் பாகவதரையும் மானசீகமாக விழுந்து வணங்கினேன். கோபுர உவமையை அங்கேயே கைவிட்டேன். இந்தக் கட்டுரையின் முதல் பாராவை மனத்துக்குள் எழுதத் தொடங்கினேன். அது இப்போது நீங்கள் படித்த முதல் பாரா அல்ல, மிகவும் கம்பீரமானது.

பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்தோம். வெளியே ஒரே பனிமூட்டம். லலிதா ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டபடி அந்த விருந்துப் பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நான் தாங்கமாட்டாமல் கேட்டேன்.

"லல்லி, மூணு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தியே. முடிஞ்சப்புறமும் எழுந்துக்க மனசு வரலையே. எந்த இடம் உன்னை அப்படிப் பிடிச்சு வெச்சுது?"

முனகலை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனபடியினாலே," என்றாள், "இங்கே சுண்டல் கிடையாதுன்னு நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்ப்பா. நான் இடைவேளையிலேயே கிளம்பியிருப்பேன்."